உயிர் காப்போருக்குக் கற்பிப்போர்

ஒரு கலையைப் பற்றிப் பேசும்போது அக்கலையில் வல்லவரைப் புகழ்கிறோம். பாட்டுக்கும் நாட்டியத்துக்குமாவது கற்பித்த ஆசிரியர் பெயரைச் சொல்லும் வழக்கம் நம்மிடம் உண்டு. ஆனால் நள்ளிரவில் ஆம்புலன்சில் வந்து இறங்கி, மூச்சுத் திணறும் ஒருவரை மீட்டுச் செல்லும் இளைஞருக்கு அத்தொழிலைக் கற்பித்தவர் யார், எத்தனை நாள் கற்பித்தார், எப்படிக் கற்பித்தார் என்று நம்மில் யாரும் கேட்பதில்லை. சென்ற ஆண்டுப் பொங்கல் விடுமுறை வரை நானும் கேட்டதில்லை.

காஞ்சிபுரத்துப் பக்கத்திலிருந்து தறி வேலையை நம்பி நகரிப் பக்கம் வந்த குடும்பம் எங்களுடையது. விஜயபுரத்தில் குடியேறியபோது எனக்கு வயது ஆறு. வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, கடைத்தெருவில் இரண்டும். அருகிலுள்ள திருத்தணி, 1960 ஏப்ரல் முதல் நாளன்று சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. கோடு மாறிற்றே அன்றி மக்களின் பேச்சு மாறவில்லை. ஒரே தெருவில் இரு மொழியும் வாழும் ஊர் எங்கள் ஊர்.

அந்தப் பொங்கல் விடுமுறையில் ஒரு நாள் விடியற்காலையில் என் தாத்தா வியர்த்துக் கொட்டித் திண்ணையில் சாய்ந்துவிட்டார். நீரிழிவு உடையவர், முதல் நாள் இரவு சரியாகச் சாப்பிடவில்லை, மாத்திரையை மட்டும் மறக்காமல் போட்டுக்கொண்டார். "ஆயாசமா இருக்குடா, என்னெ படுக்க விடு" என்றார். 108-ஐ அழைத்தோம். வந்த இளைஞர் தெலுங்கர்; தமிழ் அறியாதவர். "என்ன ஆயிற்று?" என்று கேட்டார். இரு மொழியும் அறிந்தவன் என்ற பெருமையோடு நான் முன்னே சென்று, "தாதய்யகு ஆயாசங்கா உந்தண்டி" என்றேன்.

அன்பர்களே, பிழை அங்கே நிகழ்ந்தது, செய்தவன் நான். தமிழில் ஆயாசம் என்றால் களைப்பு, சோர்வு. தெலுங்கில் அதே சொல்லுக்கு மூச்சு வாங்குதல் என்று பொருள். தாத்தா களைப்பு என்றார். நான் மூச்சுத் திணறல் என்று அறிவித்துவிட்டேன். அவரும் உடனே பிராணவாயு முகமூடியைப் பொருத்தினார். ஆனால் அதோடு அவர் நின்றுவிடவில்லை. விரலில் கருவியை மாட்டிப் பார்த்தார். இரத்தத்தில் பிராணவாயு 98 விழுக்காடு. வயிறு ஏறி இறங்குவதைக் கடிகாரம் பார்த்து எண்ணினார். மூச்சு இயல்பாக இருந்தது. நெற்றி வியர்வையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, நான் சொன்ன சொல்லை ஒதுக்கி வைத்துவிட்டு, விரல் நுனியில் குத்திச் சர்க்கரையைச் சோதித்தார். 48 என்று காட்டிற்று. 70-க்குக் கீழ் போனாலே குறைவு. அழைப்பு நிலையத்து மருத்துவரிடம் தொலைபேசியில் கேட்டு, குளுக்கோஸ் ஏற்றினார். சில நிமிடங்களில் தாத்தா கண்ணைத் திறந்து, "ஏண்டா இத்தனை பேரு?" என்று கேட்டார்.

போகிற வழியில் அவரைக் கேட்டேன்: "நான் தவறாகச் சொன்னேனே, எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?" அவர் சிரித்தார். "சொல்லைக் கேள், ஆனால் ஆளைப் பார் என்று எங்கள் மேடம் நூறு தடவை சொல்லியிருக்கிறார்" என்றார். அந்த 'மேடம்' என்பவரைத் தேடிப் போனதிலிருந்து பிறந்ததே இக்கட்டுரை.

இத்தொழில் தோன்றிய வரலாறு

நோயாளியை வண்டியில் ஏற்றிச் செல்வது பழைய வழக்கம். வண்டியிலேயே மருத்துவத்தைத் தொடங்குவது புதிய வழக்கம். 1960-இல் அமெரிக்காவில் கூவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் ஆகிய மூவரும், நின்றுபோன இதயத்தை மார்பைத் திறக்காமல் வெளியிலிருந்தே அழுத்தி இரத்தத்தை ஓட்டலாம் என்று எழுதி வெளியிட்டனர். இரு கைகள் போதும் என்றான பிறகு, மருத்துவர் அல்லாதவரும் உயிரைக் காக்க முடியும் என்ற நிலை பிறந்தது. 1966-இல் வட அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் பேன்ட்ரிட்ஜ் என்னும் மருத்துவர் இதய நோய்ச் சிகிச்சையை வண்டியில் வைத்து நோயாளியின் வீட்டுக்கே அனுப்பினார்.

கற்பித்தல் என்ற நோக்கில் பார்த்தால் இவற்றினும் சிறந்த நிகழ்ச்சி அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் நடந்தது. 1967-இல் தொடங்கிய பிரீடம் ஹவுஸ் என்னும் ஆம்புலன்ஸ் நிறுவனம், வேலை கிடையாது என்று ஒதுக்கப்பட்ட கறுப்பின மக்களைத் தேர்ந்தெடுத்தது. பீட்டர் சாஃபர் என்னும் மருத்துவர் வகுத்த 300 மணி நேரப் பாடத்தை அவர்களுக்குக் கற்பித்தது. பின்னர் நான்சி கரோலைன் என்ற பெண் மருத்துவர் அங்கே பொறுப்பேற்று, அவர்களோடு வண்டியில் ஏறித் தெருத் தெருவாகச் சென்று கற்பித்தார். அந்நிறுவனம் 1975-இல் மூடப்பட்டது. ஆயினும் அவர் அங்கே உருவாக்கிய பாடமே அந்நாட்டுப் பாடத்திட்டத்துக்கு அடித்தளம் ஆயிற்று. கற்றுக் கொடுத்தால் யாரும் கற்கலாம் என்பதும், கற்பிப்பவர் வண்டியில் ஏற வேண்டும் என்பதும் அந்த எட்டாண்டுகள் தந்த பாடங்கள்.

நம் நாட்டில் 108 என்னும் எண் 2005 ஆகஸ்டு 15 அன்று ஐதராபாத்தில் ஒலிக்கத் தொடங்கியது. தமிழ்நாட்டுக்கு 2008 செப்டம்பரில் வந்தது. 2020 ஜூலை முதல் நாளன்று ஆந்திர அரசு 108, 104 ஆகிய இரு பணிகளுக்குமாக 1,088 புதிய வண்டிகளை ஒரே நாளில் விஜயவாடாவிலிருந்து அனுப்பிற்று. வண்டி வாங்கப் பணம் இருந்தால் போதும். ஒரு நாளில் ஆயிரம் வண்டி வரும். வண்டிக்குள் இருக்க வேண்டிய ஆளை ஒரு நாளில் உண்டாக்க முடியுமா? அவரை உருவாக்கும் ஆசிரியரை உண்டாக்க முடியுமா?

ஆசிரியர் எங்கிருந்து வருகிறார்?

அண்மை ஆண்டுகளில் தமிழ்நாட்டில் வெளிவந்த 108 ஆள் தேர்வு அறிவிப்புகளை நண்பர்கள் பார்த்திருப்பீர்கள். மருத்துவ உதவியாளர் வேலைக்கு நர்சிங் படித்தவர்களோடு விலங்கியல், தாவரவியல், உயிர்வேதியியல் போன்ற பாடங்களில் பட்டம் பெற்றவர்களும் வரலாம். நம் வகுப்பறை பெஞ்சில் அமர்ந்திருப்போர்தாம் நாளை அந்த வண்டியில் அமர்வர். தேர்வு பெற்றவருக்கு வகுப்பறை, மருத்துவமனை, ஆம்புலன்ஸ் ஆகிய மூன்றிலுமாக 50 நாள் பயிற்சி. ஓட்டுநருக்கு 10 நாள். நாளுக்கு எட்டு மணி என்று கணக்கிட்டால் 50 நாள் என்பது 400 மணி நேரம்.

இதன் பக்கத்தில் மற்றோர் எண்ணை வைத்துப் பாருங்கள். 2021-இல் நாடாளுமன்றம் துணைநிலை மருத்துவத் தொழில்களுக்கென ஒரு தேசிய ஆணையச் சட்டத்தை இயற்றியது. அவசர மருத்துவத் தொழில்நுட்பரையும் அச்சட்டம் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. அது வகுத்துள்ள இரு நிலைகளில் கீழ்நிலைக்கே 2,000 மணி நேரப் படிப்பு வேண்டும். மேல்நிலைக்கு 3,600 மணி. 400-க்கும் 2,000-க்கும் இடையே உள்ள பள்ளத்தை எதைக் கொண்டு நிரப்புவது? நல்ல ஆசிரியரைக் கொண்டுதான். அவர்கள் போதிய அளவில் இல்லை என்பதே நம் நாட்டின் நிலை.

காரணம் எளியது. அவசர மருத்துவம் என்பதைத் தனித்துறையாக ஏற்று, இந்திய மருத்துவக் கவுன்சில் முதுநிலைப் பட்டத்துக்கு இசைவு தந்ததே 2009-இல்தான். வண்டிகள் ஓடத் தொடங்கி நான்கு ஆண்டுகள் ஆன பிறகே, அவ்வண்டிகளில் செய்யும் மருத்துவத்துக்கு நம் கல்லூரிகளில் பேராசிரியர் பதவி பிறந்தது. இடையில் 2007-இல் ஐதராபாத் நிறுவனத்தினர் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தோடு இணைந்து, உயர்நிலை உதவியாளர்களுக்கு ஈராண்டுப் படிப்பு ஒன்றைத் தொடங்கினர்.

இன்று பயிற்சி வகுப்புகளில் நிற்போர் பெரும்பாலும் மூவகையினர். மருத்துவர் ஒருவகை, அறிவு மிக உடையவர், நேரம் இல்லாதவர். நர்சாகப் பல்லாண்டு உழைத்தவர் இரண்டாம் வகை. கைப்பழக்கம் மிக உடையவர், தெருவில் பணி செய்யாதவர். வண்டியில் உதவியாளராக இருந்து உயர்ந்தவர் மூன்றாம் வகை; தெருவை அறிந்தவர், ஆனால் 'கற்பிப்பது எப்படி' என்பதை யாரிடமும் கற்காதவர். மூவரிடமும் உள்ளது ஒருவரிடம் சேர்வது அரிது. அமெரிக்காவில் இவ்வாசிரியர்கள் 1995-இல் தமக்கெனச் சங்கம் அமைத்துக்கொண்டனர். 2002-இல் அவர்களைப் பயிற்றுவதற்கென்றே வழிகாட்டு நெறி வெளிவந்தது. பள்ளி ஆசிரியருக்குப் பி.எட். வேண்டும் என்கிற நாம், உயிர் காப்பதைக் கற்பிப்பவருக்கு என்ன வேண்டும் என்று கேட்க மறந்தோம்.

கற்பிக்கும் முறை

நான் தேடிச் சென்ற ஆசிரியை திருப்பதியில் இருக்கிறார். பதினோராண்டு நர்சாக இருந்தவர். மூன்று நாள் வகுப்பின் கடைசி வரிசையில் உட்கார எனக்கு இடம் கொடுத்தார். நான் கண்டதைச் சொல்கிறேன்.

முதல் நாள் அவர் கரும்பலகையைத் தொடவில்லை. தரையில் ஒரு ரப்பர் உடல் கிடந்தது. இப்பொம்மைக்கும் ஒரு கதை உண்டு. நார்வே நாட்டுப் பொம்மை வணிகர் ஆஸ்முண்டு லேர்டால் 1960-இல் இதை உருவாக்கினார். பாரிஸில் ஆற்றில் மூழ்கி இறந்த, பெயர் அறியாத பெண் ஒருத்தியின் முகம் என்று வழங்கிய அச்சு முகத்தையே பொம்மைக்கு முகமாக வைத்தார். யாரும் காப்பாற்றாத ஒருத்தியின் முகம், இலட்சக்கணக்கானோர் காப்பாற்றக் கற்கும் முகம் ஆயிற்று.

அதன் மார்பில் கை வைத்து அழுத்தச் சொன்னார். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. ஆழம் 5 செண்டிமீட்டருக்குக் குறையாமல், 6-க்கு மிகாமல். ஒவ்வோர் அழுத்தத்துக்குப் பின்னும் மார்பு முழுவதும் எழும்ப விட வேண்டும். 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. இதை நான் நூலில் படித்து மனப்பாடமாக வைத்திருந்தேன். இரண்டே நிமிடத்தில் என் தோள் சோர்ந்தது, ஆழம் குறைந்தது, எனக்கே தெரியவில்லை. பக்கத்தில் நின்ற பெண்தான் சொன்னாள். "அதற்காகத்தான் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை ஆளை மாற்றச் சொல்கிறோம். இந்தக் காரணத்தை நான் சொல்லியிருந்தால் எழுதிக்கொண்டிருப்பீர்கள், இப்போது தெரிந்துகொண்டீர்கள்" என்றார் ஆசிரியை.

இரண்டாம் நாள் நாடகம். ஒருவர் நோயாளி, ஒருவர் அழும் மனைவி, ஒருவர் தடுக்கும் அண்ணன், சிலர் வேடிக்கை பார்க்கும் கூட்டம். பாம்பு கடித்த கட்டம். எங்கள் பக்கத்தில் கரும்பும் நிலக்கடலையும் விளையும் நிலம் மிகுதி. அங்கே இஃது அன்றாடப் பாடம். கயிற்றால் இறுகக் கட்டுவதும், கீறி இரத்தத்தை விடுவதும், வாயால் உறிஞ்சுவதும் கேடு. கடிபட்ட கையை அசையாமல் தாங்கி, விரைந்து மருந்து உள்ள இடம் சேர்ப்பதே முறை. இதை எல்லாரும் எழுதித் தேறிவிடுவர். ஆனால் நாடகத்தில் 'அண்ணன்' கயிற்றைக் கொண்டுவந்து, "கட்டாவிட்டால் என் தம்பி செத்துப் போவான்" என்று கத்தியபோது, தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்த மாணவர் வாயடைத்து நின்றார். அவர் கற்க வேண்டியிருந்தது மருத்துவம் அன்று. ஒரு குடும்பத்தோடு பேசுவது. கட்டுவிரியன் கடியில் வலியே தெரியாது, வயிற்றுவலியும் கண்ணிமைச் சரிவும் பிறகே தோன்றும் என்பதையும் அந்நாடகத்தின் முடிவிலேயே கற்பித்தார். அன்று கேட்டது எனக்கு இன்றும் மறக்கவில்லை.

மூன்றாம் நாள், ஆறு மாதங்களுக்கு முன் பயிற்சி முடித்துச் சென்றவர்கள் திரும்ப வந்தனர். மார்பு அழுத்தும் திறன் சில மாதங்களிலேயே தேய்ந்துவிடும் என்பது பல நாட்டு ஆய்வுகளும் ஒப்புக்கொண்ட உண்மை. அன்று வந்தவர்களிடமும் அதைக் கண்டோம். ஒரு முறை நீண்ட வகுப்பு நடத்துவதைவிட, சிறிது சிறிதாக அடிக்கடி நடத்துவது நன்று என்றார் ஆசிரியை. எனக்கு நன்னூல் நினைவுக்கு வந்தது. ஒரு பாடத்தை இருமுறை கேட்டவனுக்கே நூலில் பிழை நீங்கும், மும்முறை கேட்டவனே பிறர்க்கு உரைக்க வல்லவன் ஆவான் என்பது பவணந்தியார் கொள்கை. ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முந்திய அக்கருத்தை, ரப்பர் மார்பின் மேல் கை வைத்து அன்று மெய்ப்பித்துக்கொண்டோம்.

நான்கு பிழைகள்

நன்னூலார் ஆசிரியர் ஆகாதாருக்கு நான்கு உவமை சொல்கிறார். அவை இத்துறைக்கும் அளந்து தைத்த சட்டைபோல் பொருந்துகின்றன.

கழற்குடம்: கழற்காயைக் குடத்தில் இட்டுக் கொட்டினால், இட்ட வரிசையில் வராது. மூச்சுவழி, மூச்சு, இரத்த ஓட்டம் என்ற முறையில் நோயாளியைப் பார்க்கக் கற்பிக்க வேண்டியவர், எலும்பின் பெயரில் தொடங்கிச் சட்டப் பிரிவில் முடித்தால் அவர் கழற்குடம்.

மடற்பனை: தானே விழுந்தால் பழம் உண்டு, ஏறிப் பறிக்கக் கருக்கு விடாது. ஐயம் கேட்கும் மாணவனை 'இதுகூடத் தெரியாதா?' என்று வாயடைப்பவர் இவ்வகையினர். வகுப்பில் கேட்க அஞ்சியவன் தெருவில் ஊகிப்பான். ஊகம் உயிரைக் கொல்லும்.

பருத்திக் குண்டிகை: சிறுவாய்க் கலத்தில் திணித்த பஞ்சு, கொஞ்சம் கொஞ்சமாகவே வெளிவரும். தாம் படித்த தாளை அப்படியே வாசிப்பவர் இவர்.

முடத்தெங்கு: ஒருவர் நீர் ஊற்ற, அது வளைந்து அடுத்த தோட்டத்தில் காயை உதிர்க்கும். இவ்வுவமையை ஆசிரியர் மேல் அல்லாமல் நம் அமைப்பின் மேல் ஏற்றுகிறேன். நன்கு பயின்ற உதவியாளர், ஏறும் படி இல்லாத வேலை, இரவுப்பணி, குறைந்த ஊதியம் ஆகியவற்றால் சோர்ந்து வேறு வேலைக்கோ வேறு நாட்டுக்கோ போகிறார். நாளை ஆசிரியராக வேண்டியவரும் அவரே. ஆகவே ஒருவர் விலகும்போது வண்டி ஓர் ஆளை இழக்கிறது. வகுப்பறையோ, அவர் கற்பித்திருக்கக்கூடிய அத்தனை பேரையும் இழக்கிறது. தென்னையைக் குறை கூறிப் பயனில்லை. அதை வளையச் செய்த வேலியைத்தான் திருத்த வேண்டும்.

மொழி

இனி, என் பிழைக்குத் திரும்புகிறேன். வகுப்பின் முடிவில் தாத்தாவின் கதையை ஆசிரியையிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொண்டார். "நான் தெலுங்கில் கற்பிக்கிறேன்; நூல் ஆங்கிலத்தில் இருக்கிறது; நகரி, விஜயபுரம் பக்கத்து நோயாளி தமிழில் புலம்புகிறார். இதற்கு என்னிடம் பாடம் இல்லை" என்றார்.

அன்று முதல் அத்தகைய சொற்களைத் திரட்டி வருகிறேன். தமிழில் மூர்ச்சை என்றால் நினைவிழத்தல். தெலுங்கில் 'மூர்ச்ச' என்பது பெரும்பாலும் வலிப்பு நோயைக் குறிக்கும். நம்மவர் மயக்கம் என்பது தலைசுற்றலும் ஆகலாம், நினைவிழப்பும் ஆகலாம். கேட்டுத் தெளியாமல் மருத்துவம் செய்ய இயலாது. நாம் கண்ணாடி விரியன் என்பதை அவர்கள் 'ரக்த பிஞ்ஜர' என்பர். கட்டுவிரியன் அவர்களுக்குக் 'கட்ல பாமு'. முற்றிலும் வேறான சொற்களால் தீங்கில்லை. புரியவில்லை என்று கேட்டுவிடுவோம். ஒலி ஒன்றாகி, பொருள் வேறாகும் சொற்களே ஆபத்தானவை. புரிந்துவிட்டது என்று எண்ணிக் கடந்துவிடுவோம். அவ்வாறு கடந்தவன் நான் என்பதால் இதை உறுதியாகச் சொல்கிறேன்.

முடிவுரை

மருத்துவத்தின் உறுப்புகளை எண்ணிய வள்ளுவர் நோயாளி, மருத்துவன், மருந்து என்று மூன்றோடு நிறுத்தவில்லை. அருகிருந்து செயல்படும் உழைச்செல்வானையும் நான்காவதாகச் சேர்த்து எண்ணினார். அந்த நான்காமவர்தாம் இன்று ஆம்புலன்சில் வருகிறார். அவரைப் பாராட்டுவோர் பெருகியுள்ளனர், மகிழ்ச்சி. அவருக்குக் கற்பிப்பவர் மேல் சமுதாயத்தின் பார்வை இன்னும் விழவில்லை. அவருக்குக் கற்பித்தலில் முறையான பயிற்சியும், ஏறிச் செல்லும் பதவிப்படியும், ஆண்டுதோறும் சில வாரமாவது வண்டியில் செல்லும் கடமையும் வேண்டும். மாணவருக்குச் சில மாதத்துக்கு ஒரு முறை மறுபயிற்சி வேண்டும். எல்லைப்புறத்தில் இருமொழிப் பயிற்சி வேண்டும்.

முதல் நான்கும் அரசும் நிறுவனங்களும் செய்ய வேண்டியவை. கடைசி ஒன்று நம்மால் ஆவது. நம் மன்றத்தில் தமிழும் தெலுங்கும் அறிந்தோர் பலர் உள்ளனர். நோயைச் சொல்லும் சொற்களை அவரவர் ஊரிலிருந்து திரட்டித் தாருங்கள். என் குறிப்பேட்டில் இப்போது நூற்றுக்கும் மேற்பட்ட சொற்கள் உள்ளன. திருப்பதி ஆசிரியை அடுத்த அணிக்கு அவற்றைக் கற்பிப்பதாகச் சொல்லியிருக்கிறார். முதற்பக்கத்தில் முதற்சொல்லாக 'ஆயாசம்' என்று எழுதியிருக்கிறேன்.

தாத்தா நலமாக இருக்கிறார். இப்போது களைப்பு வந்தால், "களைப்பா இருக்கு, உன் ஆயாசம் இல்லே" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் படுக்கிறார்.